பிரிண்டரின் கொல்லைக் கதவு

வீட்டைக் காலி செய்யும் நாளில் மதியமே மழை பிடித்துக்கொண்டது. தம்பி வேனைக் கீழே நிறுத்திவிட்டு, காலி அட்டைப்பெட்டிகளைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி மாடிப்படி ஏறினான். அக்கா சாவியோடு பின்னால் வந்தாள். பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த கதவு கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு பெரிய மனது பண்ணித் திறந்தது.

முதலில் வந்தது வாசனைதான். பூட்டிய வீட்டில் தூசி நெடி அடிக்கும், ஓதமேறிய சுவர் நெடி அடிக்கும். இங்கே மை மணந்தது. காய்ந்த மை இல்லை. அவள் கணவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அந்த ஈர மை.

"மை வாசனை வருதுல்ல?"

தம்பி மூக்கைக்கூட உறிஞ்சிப் பார்க்கவில்லை. "மூடிக் கெடந்த வீடுக்கா. எல்லா வாசனையும்தான் வரும்."

அவள் கணவர் பிரிண்டர் மெக்கானிக். ஆபீஸ்களில் அவரை 'மை டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து விரல் நுனியும் எந்நேரமும் நீலமாக இருக்கும். எந்தப் பிரிண்டரைத் திறப்பதற்கு முன்னும் மூடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "டாக்டர் வந்திருக்கேன்" என்பார். வேலையில்லாமல் திரிந்த மைத்துனனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டவரும் அவர்தான்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஓர் ஆபீஸ் மொட்டை மாடியில் கேபிள் மாற்றப் போனவர், ஏணியிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்தார். தவறி விழுந்ததாகத்தான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, பிரிண்டர் தட்டில் ஒரு தாள் கிடந்தது. தம்பிதான் எடுத்துக் கொடுத்தான்.

'இது நானாக எடுத்த முடிவு. யாரும் பொறுப்பில்லை. என்னை மன்னித்துவிடு.'

ஏணியைப் பற்றிக் கேட்க வந்த போலீஸ்காரர், அந்தத் தாளைப் படித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போனார்.

அவள் மன்னிக்கவில்லை. தவறி விழுந்திருந்தால் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதிருப்பாள். காலையில் சிரித்துப் பேசிவிட்டு, மனதுக்குள் இதை வைத்துக்கொண்டு போனவருக்காக எப்படி அழுவது? அதிலும் பால் தீர்ந்துபோனால்கூட சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதி வைக்கிற மனிதர், அவளுக்கென்று விட்டுப்போன கடைசி வார்த்தையைக் கையால் எழுதவில்லையே என்பது தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை மாதமும் அவளைத் தாங்கியது அவன்தான். 'உன்னைப் போல ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்' என்று அவள் சொல்லாத நாளில்லை.

கூடத்து மூலை மேஜையில் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு பிரிண்டர் இருந்தது. தம்பி முதல் பெட்டியை விரித்ததும் அங்கேதான் போனான்.

"இத முதல்ல கீழ கொண்டுபோய்ப் போட்டுடறேன். பழைய இரும்புக்காரன்கிட்ட குடுத்துடலாம்."

"ஏன்டா? என்கிட்ட டியூஷன் படிக்கிற பிள்ளைங்களுக்குக் கணக்குத் தாள் அடிக்கலாம்ல?"

"ஓடாதுக்கா. செத்துப்போச்சு."

"நீயே மெக்கானிக். பாத்துச் சரி பண்ணிக் குடு."

அவன் வேட்டியின் நுனியைப் பிடித்தபடியே நின்றான். கீழே யாரோ வேனை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். "தொடாத, ஷாக் அடிக்கும். நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

தொடாதே என்றால் தொட்டுப் பார்ப்பதுதான் மனித சுபாவம். அவள் வேட்டியை விலக்கி ஒயரைச் சொருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. அமைதியாக, ஆடாமல்.

அதில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. எங்கே இடறுகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கடைசிக் காலையில் இந்தப் பிரிண்டரில் விளக்கு ஆரஞ்சும் பச்சையுமாக மாறி மாறிச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளில் பையோடு வாசலில் அவசரப்பட, அவர் மேஜை முன் குந்தியிருந்தார்.

"பேட் நிறைஞ்சு போச்சு. அதான் பூட்டிக்கிட்டது" என்றார். மை பீச்சும் ஊசித்துளைகளைக் கழுவித் துடைக்கிற மையெல்லாம் அடியில் இருக்கிற பேட் என்கிற பஞ்சுப் பட்டையில்தான் போய்ச் சேரும். அது நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினால் பிரிண்டர் ஒரு தாள்கூட அடிக்காது. "தொடச்ச மை எங்கயும் போறதில்ல. உள்ளதான் கெடக்கும்."

"கணக்க மட்டும் அழிச்சா ஓடும்னு தம்பி சொன்னானே?"

"ஓடும். ஆனா பேட மாத்தாம கணக்க மட்டும் அழிக்கிறது ஏமாத்து வேலை. நான் செய்ய மாட்டேன். சாயங்காலம் வந்து மாத்தறேன்."

பிறகு இருவரும் சேர்ந்துதான் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

பூட்டிக் கிடந்த இயந்திரத்தை யார் திறந்தது?

உள்ளே போக ஒரு வழி இருந்தது. எந்தக் கையேட்டிலும் போடாத வழி. அவர் அதைக் கொல்லைக் கதவு என்பார். வாசல் பக்கம் நமக்கு, கொல்லைப் பக்கம் கம்பெனிக்காரனுக்கு என்று சிரிப்பார். அவர் வாய்ப்பாடு மாதிரி முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம். நிறுத்தும் பட்டனை அமுக்கிப் பிடி. பவர் பட்டனையும் சேர்த்து அமுக்கு. நிறுத்தும் பட்டனை மட்டும் விடு. அதை ஐந்து தடவை தட்டு. பிறகு எல்லாவற்றையும் விடு.

அவள் அணைத்தாள். பிடித்தாள். தட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கண்ணில் நீர் முட்டி, எண்ணிக்கை தவறியது. விரலை எடுத்துவிட்டாள்.

டக்.

டக்.

நான்காவதும் ஐந்தாவதும் அவள் தட்டவில்லை.

பட்டன் தானாக அமுங்கி எழுந்ததை அவள் பார்த்தாள். பவர் பட்டனில் இருந்த மற்ற விரலைத் தீச்சட்டியைத் தொட்டவள்போல இழுத்துக்கொண்டாள். விளக்கு நிலைத்தது. உள்ளே பல்சக்கரங்கள் உருண்டன. மை வாசனை கழுத்தருகே வந்து நின்றது.

சற்று நேரத்தில் ஒரு தாள் வெளியே வந்தது. அவர் எப்போதும் பார்க்கிற சோதனைத் தாள். மேல் வரியில் இரண்டே எண்கள்.

மொத்தத் தாள்கள் 11207. கழிவு மை 1 சதவீதம்.

அவள் மூடியைத் தூக்கினாள். உட்புறத்தில் அவருடைய பென்சில் எழுத்து, சாய்ந்து சாய்ந்து, வரி வரியாக. ஒவ்வொரு தடவை கொல்லைக் கதவைத் திறந்தபோதும் தேதியும் எண்ணும் எழுதி வைப்பார். சோதனைத் தாளை இயந்திரம் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கடைசி வரியில் அவர் இறந்த நாளின் தேதி இருந்தது. அவள் கண்முன்னே எழுதிய வரி.

'11206. பேட் 100. மாத்தணும் – சாயங்காலம்.'

அதன்பின் ஒரே ஒரு தாள் அடித்திருக்கிறது.

அவள் ஒரு சமையலறைக் கத்தியால் பின்பக்க மூடியை நெம்பினாள். பஞ்சுப் பட்டை தார் மாதிரி கறுத்து, ஊறி, ததும்பிக்கொண்டிருந்தது. யாரும் பேடை மாற்றவில்லை. கணக்கை மட்டும் அழித்திருக்கிறார்கள். அந்த ஒரு தாளுக்காக.

கொல்லைக் கதவு தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்து மூன்று பேர். ஒருவர் அன்று மூன்று மணிக்கே செத்துப்போனார். ஒருத்தி ஆஸ்பத்திரி நடையில் கிடந்தாள். அவருடைய சாவிக்கொத்து அன்று முழுக்க, கூடவே வேலைக்குப் போயிருந்த மூன்றாம் ஆளின் பையில் இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். பதினோரு மாதம் அவன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு பாவமும் அறியாத மனிதரைச் சபித்திருக்கிறாள்.

தம்பி ஈரச் செருப்போடு உள்ளே வந்தான். தாளைப் பார்த்தான். திறந்த மூடியைப் பார்த்தான். நேராகப் போய் ஒயரைப் பிடுங்கினான்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அக்கா..." அவன் குரல் காற்றாக வந்தது. "வா, போயிடலாம்."

"ஏணிய யாருடா பிடிச்சிருந்தா?"

அவன் பிடுங்கிய ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு."

"போன் வந்துச்சுக்கா. ஒரு நிமிஷம்தான் கைய எடுத்தேன். ஒரே நிமிஷம். எம்மேல கேஸ் போடுவாங்கன்னு..."

"கீழ விழுந்தப்ப உயிர் இருந்துச்சா?"

"கொஞ்ச நேரம்."

"பேசினாரா?"

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கிடையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "சாயங்காலம் வரேன்னு அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன், முடியலன்னு சொல்லிடுன்னார். கோவிச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னார்."

அவளுக்குச் சொந்தமான வார்த்தைகள். அவற்றைத் தன்னிடம் பதுக்கிக்கொண்டு, அவர் பெயரில் தன் பொய்யை அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறான். அதைப் படித்து அவள் இடிந்து உட்கார்ந்தபோது, முதுகைத் தடவிக் கொடுத்ததும் இதே கைதான்.

"போ."

"அக்கா, எனக்கு வேற வழி..."

"என் கண் முன்னால நிக்காத. போடா."

அவன் போனான். படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. அவள் திருப்பி வைத்திருந்த படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பதினோரு மாதமாக அழாததையெல்லாம் அழுதாள்.

டக். டக்.

முட்டியால் மூடியைத் தட்டும் சத்தம்.

அவள் நிமிர்ந்தாள். திறந்து வைத்திருந்த மூடி மூடியிருந்தது. அதைத் தூக்கினாள். பென்சில் வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி, அதே சாய்ந்த எழுத்தில், இன்றைய தேதியோடு.

'11207. பேட் மாத்தியாச்சு.'

பின்பக்கம் குனிந்து பார்த்தாள். பஞ்சுப் பட்டை பால் வெள்ளையாக, காய்ந்து, புத்தம் புதிதாக இருந்தது.

துடைத்த மை எங்கேயும் போவதில்லை என்பார்.

மேஜைக்கடியில் அது சொட்டுச் சொட்டாகத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து ஒரு பாதம், அடுத்த பாதம். கறுநீலத்தில், ஈரமாக, வெறுங்காலின் தடங்கள். கூடத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, தம்பியின் செருப்புத் தடத்துக்குப் பக்கத்திலேயே படியிறங்கிப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

அவள் ஜன்னலுக்குப் போனாள். மழையில் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுபவனுக்குப் பக்கத்து இருக்கையின் கண்ணாடியில், உள்பக்கத்திலிருந்து, ஐந்து நீல விரல் நுனிகள் பதிந்திருந்தன.

ஒரு குரல் கொடுத்தால் தம்பிக்குக் கேட்கும் தூரம்தான். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.