கசக்காத கொட்டைகள்

கூடையில் ஒன்றுகூடக் கசக்கவில்லை.

சுமர்சி இன்னொரு க்ளுவாக் கொட்டையைக் குழவிக்கல்லால் தட்டி உடைத்து, உள்ளே தார் போலக் கறுத்திருந்த பருப்பை மூங்கில் குச்சியால் கிண்டி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். லேசான இனிப்பு, ஈரமண் வாசனை. வேகவைத்து, வாரக்கணக்கில் சாம்பலில் புதைத்து எடுத்தாலும் எந்தக் கூடையிலும் விஷம் இறங்காத கொட்டை சில தங்கிவிடும். ஓட்டைப் பார்த்தால் தெரியாது. நாக்குதான் சொல்ல வேண்டும். கசந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். லுமாஜாங் ஊரில் அந்தத் தெருவில் யார் வீட்டில் இந்தப் பருப்பை அரைத்துவிட்ட கறுப்பு ராவோன் குழம்பு கொதித்தாலும், கொட்டையை ருசி பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தக் கூடையில் கசப்பு இருந்தே ஆகவேண்டும். போட்டவளே அவள்தான்.

முந்தின நாள் சாயங்காலம் கூடத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போனபோது பார்த்தாள். அவள் புருஷன் பர்தி, இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு வந்த ரத்மியின் வயிற்றில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உள்ளே யாரோ ரகசியம் பேசுவதுபோல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அன்று காலை புதைத்த கொட்டைகளைச் சாம்பல் குழியிலிருந்து இரு கையாலும் அள்ளி, துடைத்து, நல்லவற்றோடு கலந்தாள். மறுநாள் ரத்மிக்கு ஏழாம் மாதச் சடங்கு. தெருப் பெண்களெல்லாம் வருவார்கள். குழம்பு கசக்க வேண்டும், ரத்மி வைத்த குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்று நாலு பேர் முகம் சுளிக்க வேண்டும். அவ்வளவுதான் தனக்கு வேண்டும் என்று இராத்திரி முழுக்கத் தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

விடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பொறுக்கி எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். பாதிக் கூடை போயிற்று. இனிப்பு. முக்கால் கூடை. இனிப்பு. கடைசிக் கொட்டையும் இனித்தது.

ரத்மி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"முடிஞ்சுதாக்கா? நீங்க பாத்துட்டா எனக்குப் பயமில்ல. என் வாய்க்கு இப்ப மண்ணு எது மாங்கா எதுன்னே தெரியல."

கொட்டிவிடு என்று சொல்லச் சுமர்சி வாயைத் திறந்தாள். அதற்குள் கூடத்திலிருந்து பர்தியின் குரல் வந்தது.

"குனியாத ரத்மி. அதெல்லாம் அவ செய்வா, நீ வந்து உக்காரு."

அவ. பேர்கூட இல்லை.

"எல்லாம் நல்ல கொட்டைதான்," என்றாள் சுமர்சி. "எடுத்துட்டுப் போ."

மத்தியானம் மழை பிடித்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு அடுக்களையிலேயே இருந்துகொண்டாள். பொய்யும் இல்லை, நெற்றிப் பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. தகரக் கூரையில் மழை சடசடத்தது. அதற்கு அடியில், பூப்போட்ட தண்ணீரை ரத்மியின் தலையில் ஊற்றும் சத்தம், புதுச் சேலையைச் சுற்றிவிட்டுப் பெண்கள் கேலி பேசும் சத்தம், பர்தி அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி மகன்தான் என்று அடித்துச் சொல்லும் சத்தம், பிறகு கிண்ணங்களும் கரண்டிகளும். ஒருத்தியாவது 'கசக்குதே' என்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. குழம்பு பிரமாதம் என்றார்கள். ரத்மியின் கைமணம் என்றார்கள். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

கை சும்மா இருக்க மாட்டாமல், வதக்குவதற்காக வைத்திருந்த பப்பாளிக் கொழுந்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

மென்றாள். நின்றாள்.

பப்பாளி இலை கசக்கவில்லை.

இன்னொன்றை மென்றாள். பாகற்காயைப் பச்சையாகக் கடித்தாள். விதையோடு கடித்தாள். இனித்தது. நாக்கை விரல் நகத்தால் வழித்தாள். வழித்த இடமும் இனித்தது.

கூடத்தில் சிரிப்பு இல்லை.

எப்போது நின்றது? கரண்டிச் சத்தமும் இல்லை. மழை மட்டும். அவளுக்கே மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்தாள். நடந்தாள்.

பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து. கண்கள் திறந்தே. பல்லெல்லாம் கறுப்பு. பர்தி கதவோரம், கவிழ்ந்த கிண்ணத்தின் மேல். நடுவில் மல்லிகைச் சரத்தோடு ரத்மி, தூணில் தலை சாய்த்து. மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சில்லை.

வயிறு அசைந்தது.

கூடத்தில் அது ஒன்றுதான் அசைந்தது. சேலைக்கு அடியில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, நிதானமாக, எதையோ தேடுவதுபோல.

சுமர்சி மண்டியிட்டாள். ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை. உள்ளங்கையை வைத்தாள். அசைவு நின்றது. பிறகு அவள் கைக்கு நேர் கீழே வந்தது.

ஐந்து சின்ன விரல்கள் தோலை உந்திக்கொண்டு எழுந்தன. அவள் கையைப் பற்றின. இழுத்தாள்.

விடவில்லை.