நீர்க்குடுவையில் இரத்தக்கசிவு

ஆம்பூர்ப் புறவழிச்சாலையை ஒட்டி, ஒரு காலத்தில் உப்பிட்ட பச்சைத்தோல்களை அடுக்கிவைத்திருந்த கிடங்கில்தான் அந்த ஸ்கேன் மையம் நடந்துவந்தது. சுவரெங்கும் வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள். ஆயினும் மழை நாள்களில் ஓட்டின் இடுக்குகளில் உப்புப் பூத்தது. பொன்மலர் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அவளுக்கு முன்பு இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாராம்.

அன்று காலையும் வழக்கம்போல், தலை வைக்கும் இடத்தில் நீர் நிரப்பி மூடிய குடுவையை வைத்துப் படமெடுத்தாள். வெறும் நீரை வெறும் நீராகக் காட்டினால்தான் எந்திரம் சரியாக இருக்கிறதென்று பொருள். எடுத்த படத்தைக் கணினி அலசும். மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அவ்விடத்தில் சிவப்புப் பூசும். பிழையான சிவப்பைத் திரையிலிருந்து துடைத்துவிட்டு வேலூர் மருத்துவருக்கு அனுப்புவது பொன்மலரின் பொறுப்பு.

குடுவையின் இடப்புறத்தில் பிறைபோலச் சிவப்பு விழுந்தது.

கூடவே அந்த வாடையும் எழுந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழன்ற தோலின் வாடை. வழித்துக் கொட்டிய சவ்வு வெயிலில் புளிக்கும் வாடை. அது நாக்கின் அடியில் கொழுப்பாகப் படிந்தது.

மேலாளர் தவ்ஃபீக் எட்டிப் பார்த்தான். "இன்னா மேடம், தண்ணிக்கே தலையில அடிபட்டுச்சா?"

"தினமும் இதே எடத்துல காட்டுது சார். மெஷின் கம்பெனிக்குச் சொன்னீங்களா?"

"சொல்லிக்கலாம். தொடச்சுட்டு வேலையப் பாருங்க. பேஜார் பண்ணாதீங்க."

துடைத்தாள். வாடை அடங்கியது.

சற்றுநேரத்தில் பில்கிஸ் என்பவள் தன் கணவன் சுஹேல் அகமதுவை ஆட்டோவில் அழைத்துவந்தாள். அவன் வேலைசெய்யும் தோல் ஆலையில், தோல் ஊறும் டிரம்மின் கதவு பிடி நழுவி, அவனுடைய வலப்பக்க நெற்றிப்பொட்டில் மோதியிருந்தது.

"தோல விட என் தல கெட்டி, மேடம். இவதான் சும்மா பயப்படுறா" என்று சிரித்தான்.

பில்கிஸ் பொன்மலரை ஓரமாக இழுத்தாள். "அக்கா, நல்லா பாருங்க. போன மாசம் இவரு கூட வேலை செஞ்ச பஞ்சாட்சரம் அண்ணனுக்கு எடப்பக்கம் அடிபட்டு, இங்கதான் எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. தூங்கினவரு எழுந்திருக்கவே இல்ல. இருக்குன்னா சொல்லிடுங்க, இப்பவே வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்."

சுஹேலின் படம் திரையில் விரிந்தது. வலப்புறத்தில், எலும்பை ஒட்டி, மெல்லிய சிவப்புப் பிறை. பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குச் சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் புலப்படவில்லை.

வாடை பொங்கி எழுந்தது.

வாய்க்குள் ஏதோ நெருடியது. விரல் விட்டு இழுத்தாள். முரட்டு எருமை மயிர் ஒன்று நீண்டுகொண்டே வந்தது. அதன் வேரில் வெளுத்த சதை ஒட்டியிருந்தது.

உதறினாள். அது விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது.

எந்திரத்தின் வளையத்துக்குள்ளிருந்து, சளி அடைத்த தொண்டையில் ஒரு குரல் கெஞ்சியது.

"தொடைக்காதம்மா."

வளையத்துக்குள் யாருமில்லை. சுஹேல் எப்போதோ வெளியே போயிருந்தான்.

அந்த நாற்றம் ஒழிந்தால் போதுமென்றிருந்தது அவளுக்கு. வெறும் தண்ணீரில் இரத்தம் கண்ட கணினியை எப்படி நம்புவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

துடைத்தாள்.

வாடை போயிற்று. விரலிடுக்கில் இருந்த மயிரும் போயிற்று.

வேலூரிலிருந்தும் 'கசிவு இல்லை' என்றே அறிக்கை வந்தது. "ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

"அல்லா உங்கள நல்லா வெப்பான், அக்கா" என்று பில்கிஸ் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை மழை பெய்தது. பொன்மலர் குடுவையை வைத்துப் படமெடுத்தாள். இடப்புறத்தில் வழக்கமான சிவப்புப் பிறை விழுந்தது.

வலப்புறத்தில் இன்னொன்று.

வெளியே தவ்ஃபீக்கின் கைப்பேசி ஒலித்தது. "யாரு, நேத்து வந்த சுஹேலா?" அவன் குரல் தாழ்ந்தது. "தூக்கத்துலயேவா?"

பொன்மலர் துடைத்தாள். சிவப்பு அழியவில்லை. மீண்டும் மீண்டும் துடைத்தாள்.

வாடை அறையை நிறைத்தது. அவள் திரையை விட்டுக் கண்ணை உயர்த்திக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எந்திரத்தைப் பார்த்தாள். ஒருபோதும் திறக்கப்படாத அந்தக் குடுவைக்குள், தெளிந்த நீரில், முரட்டு மயிர்கள் இரண்டு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன.