துடைத்து வைத்த திருகாணிகள்

"அவன்தாங்க. வேற யாரும் கிடையாது. நிரூபிச்சு மட்டும் கொடுங்க."

நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிட்டாள் ஆம்புலன்ஸ் நிலையத்தின் பொறுப்பாளர். கையிலிருந்த பையைத் துப்பறியும் அம்மாளின் மேசைமேல் வைத்தாள். ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு ஒன்று உள்ளே அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது.

அன்று காலை, மூச்சுத் திணறிய ஒரு பெண்ணை ஏற்றிய பிறகுதான் சிலிண்டரில் வால்வு இல்லாதது தெரிந்தது. வேறொரு வண்டி வந்து சேர்ந்ததால் அவள் உயிர் தப்பியது. அதைக் கேட்டதும் பொறுப்பாளர் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தாள். வால்வு அங்கே பிரித்துப் போடப்பட்டிருந்தது. யாரிடமும் மூச்சு விடாமல் அள்ளிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

"யார் மேல சந்தேகம்?" மாப்பிள்ளை முந்திக்கொண்டான். அம்மாளின் மகளைக் கட்டியவன். மாமியாரிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து அவன் கால் தரையில் பாவுவதில்லை.

"போன மாசம் நிறுத்தின டிரைவர். என் தம்பி ஓட்டுற வண்டியில ஏறவே மாட்டேன்னு அடம் பிடிச்சான். ஸ்டோர் ரூம் சாவி இன்னும் அவன்கிட்டதான் இருக்கு."

"அத்தை, கேஸ் முடிஞ்சுது!"

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை." அம்மாள் பொறுப்பாளரின் பக்கம் திரும்பினார். "இது எப்படிக் கிடந்துச்சு? பார்த்தது பார்த்தபடி சொல்லுங்க."

"வெள்ளைத் துணி மேல... ஸ்க்ரூ எல்லாம் பெருசுலேர்ந்து சிறுசு வரைக்கும் வரிசையா. ஒவ்வொண்ணையும் பளபளன்னு துடைச்சு."

"இதுக்கு முன்னால?"

"ஒரு டார்ச். அப்புறம் சைரன் பெட்டி. யாரோ ரிப்பேருக்குப் பிரிச்சாங்கன்னு விட்டுட்டேன்."

மதியம் மூவரும் நிலையத்துக்குப் போனார்கள். தம்பி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். காலையில் அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாடு திறக்காமலே இருந்தது. "ஆள் பத்தலைன்னு ரெண்டு பேர் வேலையை இவனே இழுத்துப் போட்டுப் பார்க்கிறான், சோர்வுங்கிறதே கிடையாது" என்றாள் அக்கா பெருமையாக. அவன் தாடை எதையோ மெல்வதுபோல் அசைந்துகொண்டே இருந்தது.

"வாயில என்ன தம்பி?" என்றார் அம்மாள்.

"ஒண்ணுமில்லையே."

"வால்வை யாரோ நாசம் பண்ணிட்டாங்களாமே?"

"நாசமா? வரிசையாதானே இருக்கு! ஒரு ஸ்க்ரூகூடத் தொலையல. எடுத்து மாட்டினா சரியாயிடும்."

அம்மாள் தலையசைத்துக்கொண்டார். மாப்பிள்ளையை அனுப்பிப் பழைய டிரைவரை வரவழைத்தார். வந்தவர் முதல் வேலையாகச் சாவியை மேசைமேல் வைத்தார். "நீங்க சாவியையும் கேட்கல, காரணத்தையும் கேட்கலையேம்மா" என்றார் பொறுப்பாளரிடம். "ரயில்வே கேட் மூடும்போது தண்டவாளத்துல வண்டியை விட்டார் உங்க தம்பி. பின்னாடி நோயாளியோட நான் இருந்தேன். ரயில் ஹாரன் காதைக் கிழிக்குது, இவர் சிரிக்கிறார். அன்னிலேர்ந்துதான் ஏற மாட்டேன்னுட்டேன்."

"பழி வாங்க வந்தவன் ஸ்க்ரூவைத் துடைச்சு அடுக்க மாட்டான்," என்றார் அம்மாள். "உடைச்சிட்டுப் போயிடுவான். நிறுத்த முடியாம மணிக்கணக்கா உட்கார்ந்து பிரிச்ச கை இது. இன்னொண்ணு. இது வரிசையா இருந்ததைப் பார்த்தது அக்கா ஒருத்திதான். பையில அள்ளின பிறகு வரிசை ஏது? தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பொறுப்பாளர் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"தூக்கத்தை விரட்ட மாத்திரை. அப்படித்தானே தம்பி?"

அவன் தாடை மட்டும் அசைந்தது.

"அதைப் போட்டா பசி போயிடும், தூக்கம் போயிடும், வெறும் வாயை மெல்ல வைக்கும். செய்யுறதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. 'பொறு, யோசி'ன்னு சொல்ற இடம் மூளையோட முன்பக்கம். அது சொல்றது காதுல விழாது. இப்ப கிடைக்கிறது மலையாத் தெரியும், நாளைக்கு வரப்போற ஆபத்து கண்ணுலயே படாது. ரயில் வர்றப்ப சிரிச்சது உங்க தம்பியோட குணம் இல்லம்மா."

அப்போது தொலைபேசி அலறியது. விபத்து, ஒரு குழந்தை. தம்பி பாய்ந்து வண்டிச் சாவியை எடுத்தான். "நான்தான் சீக்கிரம் போவேன்! வழியை விடுக்கா!"

அவள் வாசலை மறித்து நின்றாள். அவன் கண்கள் அவளைப் பார்க்கவே இல்லை. வண்டியைப் பார்த்தன. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தாள். பழைய டிரைவரிடம் நீட்டினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, நேரமும் இல்லை. அவர் வாங்கிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட விரைந்தான்.

சைரன் சத்தம் தேய்ந்து மறைந்தது. தம்பி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தான்.

"அக்கா... குழந்தைன்னு சொன்னாங்க. எனக்கு அது மனசுல ஏறவே இல்லக்கா. வண்டி மட்டும்தான் தெரிஞ்சுது." அவன் குரல் உடைந்தது. "நான் பழையபடி ஆவேனா?"

அவள் அம்மாளைப் பார்த்தாள்.

"வைத்தியம் பார்த்தா ஆகலாம். ஆனா மெதுவாத்தான் ஆகும்," என்றார் அம்மாள்.

பொறுப்பாளர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள்.

"வா, டாக்டர்கிட்டப் போகலாம். நடந்தே போகலாம்."

அவன் கையை உதறவில்லை.