கழுவியவர் பக்கத்தில் உட்கார வேண்டும்

படகுப் பட்டறையில் கரையேற்றிய படகு மரக்கட்டைகளின் மேல் நின்றிருந்தது. மாலை நான்கு மணி. வெல்டர் கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். மேலே படகின் சொந்தக்காரர் காத்திருந்தார். அவர் வெல்டருடைய மனைவியின் அண்ணன்.

“வாங்க மாப்ள. பொண்ணு பாக்க வர்ற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வர்றீங்க.”

“இந்தப் படகுன்னா கால் வரமாட்டேங்குது மச்சான்.”

அது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல. மச்சானும் சிரிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இதே படகில், இதே டீசல் தொட்டியில்தான் வெல்டரின் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அவரும் வெல்டர். ஒழுகலை அடைக்க வந்தவர் நெருப்பு வைத்ததும், உள்ளே தங்கியிருந்த டீசல் ஆவி வெடித்தது. கழுவாத தொட்டியில் கை வைத்த முட்டாள் என்று பட்டறை முழுக்கப் பேசினார்கள். “நானே கழுவிக்கிறேன்னு சொன்னாரே” என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தம்பி அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு விட்டாரா? செத்தவர்மேல் கோபப்பட்டு, அவர் தப்புதான் என்று ஊரெல்லாம் சொல்லி, அண்ணன் படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை.

எஞ்சின் அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரே ஒரு பல்பு எரிந்தது. பழைய எண்ணெய், துரு, சோப்பு எல்லாம் கலந்த வாடை மூக்கில் ஏறியது. வெடித்து வீங்கிய தொட்டியை அடித்து நிமிர்த்தி, ஒட்டுப்போட்டு, மறுபடி அதை வைத்தே படகை ஓட்டிக்கொண்டிருந்தார் மச்சான். இப்போது அந்த ஒட்டின் ஓரத்தில்தான் கசிவு.

“மூடியத் தொறந்து மூணு தரம் கழுவி, ஒரு நாள் காயவச்சாச்சு” என்றார் மச்சான். “நீங்க ஆரம்பிங்க. நான் மேல இருக்கேன்.”

“நீங்கதான கழுவினீங்க? உக்காருங்க.”

அந்தப் பட்டறையின் வழக்கம் அது. தொட்டியைக் கழுவியவர் யாரோ, அவர் வெல்டரின் பக்கத்தில் உட்கார வேண்டும். முதல் பொறி பறக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. கழுவாதவன் எவனும் துணிந்து உட்காரமாட்டான், அவ்வளவுதான் சூட்சுமம்.

“நமக்குள்ள என்ன மாப்ள அதெல்லாம்” என்று மச்சான் நழுவப் பார்த்தார். வெல்டர் ஒரு பலகையைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வேறு வழியில்லாமல் மச்சான் உட்கார்ந்தார்.

வெல்டர் சுத்தியலை எடுத்துத் தொட்டியை மூன்று முறை தட்டினார். மூன்றும் மணிபோல இழுத்து ஒலித்தன. காலித் தொட்டி, சந்தேகமில்லை. ஒலி அடங்கியது.

டொக்.

நான்காவது தட்டு உள்ளேயிருந்து வந்தது.

வெல்டரின் கை அந்தரத்தில் நின்றது. அண்ணன் இப்படித்தான் செய்வார். மூன்று தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மனசுக்குத் திருப்தியானால் மெதுவாக இன்னொன்று தட்டுவார். வாயால் சரி என்று சொல்லவே மாட்டார்.

திறந்திருந்த மூடி வழியாக ஒரு வாசம் எழுந்து வந்தது.

கிராம்பு.

சொத்தைப் பல்லுக்காக அண்ணன் எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பார்.

மச்சான் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவர் கண்கள் வெல்டரைப் பார்க்கவில்லை, மூடியின் இருட்டையே பார்த்தன.

“கழுவிட்டேன்” என்று கிசுகிசுத்தார். “சத்தியமா இந்தத் தடவ கழுவிட்டேன்.”

வெல்டர் மெல்லத் திரும்பினார்.

“இந்தத் தடவயா?”

மச்சான் பலகையிலிருந்து எழப் பார்த்தார்.

“அப்போ போன தடவ?”

டொக்.

அந்தச் சத்தத்தில் மச்சான் உடைந்துபோனார். “அவசரம் மாப்ள. மறுநாள் படகு போகணும். டீசல வடிச்சேன், கழுவல. கழுவிட்டேன்னு சொன்னேன், உங்க அண்ணன் நம்பிட்டார். நானே உக்கார வர்ற மாதிரி வந்தேன். சொந்தக்காரர உக்கார வச்சு சோதிக்கிறதான்னு அவர்தான் என்னை மேல அனுப்பிட்டார்.”

நம்பிய மனிதனைக் கொன்றது போதாதென்று, பழியையும் அவர் தலையிலேயே கட்டி, அந்தப் பொய்யைத் தம்பியின் வாயாலேயே ஊரெல்லாம் சொல்லவைத்திருக்கிறார் மச்சான்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“தங்கச்சிக்கு” என்றார் மச்சான். “அன்னைக்கே அழுதுகிட்டே சொன்னேன். அவதான் வாயத் தொறக்காதேன்னா.”

வெல்டர் நெருப்பு வைக்கவில்லை. பெட்டியைப் பூட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். மச்சான் ஏணியிலிருந்து ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். வெல்டர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டில் மனைவி விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.

“அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

வெல்டர் முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“எங்கண்ணன் நெஜத்துல எப்படிச் செத்தார்னு உனக்குத் தெரியாதுல்ல?”

“இப்ப எதுக்குங்க அது?”

“தெரியாதுன்னா பக்கத்துல வந்து உக்காரு.”

பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு அந்த வழக்கம் தெரியாதா என்ன? அவள் முகம் வெளிறியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் என் அண்ணன்ங்க” என்றாள்.

“எனக்கு மட்டும் அண்ணன் இல்லையா?”

அவள் உட்காரவில்லை. பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள், அந்த நான்கடியைத் தாண்டி வரவில்லை. வெல்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, காலடியில் இருந்த இரும்புப் பெட்டியை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார்.

பெட்டிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு தட்டு வந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து முக்காலி கனமான ஒருவர் உட்கார்ந்ததுபோல மெல்ல முனகியது. கிராம்பு வாசம் அறை முழுக்கப் பரவியது.