பரிபூரணம் கேட்டு வாங்கிய கை

தூங்குகிற பிள்ளையின் கை தூங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் ஒரு மத்தியானம் பரிபூரணம் அதைப் பார்த்தாள். அவள் மகன் இருளப்பசாமி வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். எட்டு வயதுப் பிள்ளையின் தூக்கம், இடி விழுந்தாலும் தெரியாது. இடது கை தலைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. கட்டுப்போட்ட வலது கை மட்டும், வெளியே தெரிந்த விரல் நுனிகளால் பாயைத் தடவிக்கொண்டிருந்தது. கண் தெரியாத ஒருவர் புது வீட்டில் சுவரைத் தடவிப் பார்ப்பாரே, அந்தத் தடவல். கோரையை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓரம் வரைக்கும் வந்து, தரையை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போனது.

அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இரண்டு விரல் இனி அசையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே ஐந்தும் அசைகிறது! கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளை முழித்துவிடக் கூடாதே என்று மெல்ல எழுந்து போனாள். கதவைச் சாத்தும்போது ஈரமண் வாடை அடித்தது. ஊரில் அப்போது மழையே இல்லை.

ராஜபாளையத்தில் அவர்கள் தெரு முழுக்க விசைத்தறிதான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற தெரு அது. அவள் புருஷன் சுயம்புலிங்கம் முன்கட்டில் தறி ஓட்டினார், பின்கட்டில் குடித்தனம். புரட்டாசியில் ஒரு சாயங்காலம், உருண்டுபோன கோலிக்குண்டை எடுக்கத் தறிக்கு அடியில் கைவிட்டான் பிள்ளை. பல்சக்கரம் இழுத்துக்கொண்டது. சுயம்புலிங்கம் பாய்ந்துபோய் மோட்டாரை நிறுத்துவதற்குள் வேலை முடிந்திருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு முழத்துக்கு ரத்தம் தெறித்து, அந்த ரத்தத்தோடேயே உருளையில் சுருண்டிருந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் தறிச் சத்தத்தையும் மீறி அடுப்படியில் இருந்த பரிபூரணத்துக்குக் கேட்டது. பெற்றவளுக்கு அது கேட்காமல் இருக்குமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் தைத்துக் கட்டினார்கள். மறுநாள் விரல் நுனியெல்லாம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. “காலை வரைக்கும் பாப்போம்மா. ரத்தம் ஓடலைன்னா மணிக்கட்டோட எடுத்துர வேண்டியதுதான். கையா உசிரான்னு பாத்தா உசிருதான?” என்றார் டாக்டர். நல்ல மனுஷர். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

பரிபூரணம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செண்பகத்தோப்புப் பாதையில் நடந்தாள். மலை அடிவாரத்தில் ஓடைக்கரை அம்மன் இருக்கிறாள். கூரை கிடையாது, வேம்படியில் ஒரு கல், அதற்கு மஞ்சள் சேலை. நோய்ப்பட்ட கையோ காலோ சுகமானால் மண்ணில் அதேபோல உருவம் செய்து அங்கே வைப்பது வழக்கம். வைத்ததை வைத்தவரே திரும்பத் தொடக் கூடாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து அது தானாகப் போக வேண்டும். உருவம் செய்து தருகிற வேளார் வீட்டில் அன்றைக்குப் பார்த்துச் சாவுத் துட்டி. காரியம் முடியாமல் அவர்கள் மண்ணைத் தொடமாட்டார்கள்.

“சுகமான பொறவுதான தாயி வைக்கணும்? எதுக்கு இந்தப் பதறு பதறுத?” என்றார் வேளார் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர். விடிந்தால் கையே இருக்காது என்கிறவளுக்கு முறையாவது ஒன்றாவது!

வேம்பைச் சுற்றிக் கிடந்த கைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். விரல் உடைந்தவை, பாதி கரைந்தவை, பாசி பிடித்தவை. மரத்துப் பொந்துக்குள் ஒன்று இருந்தது. யாரோ பத்திரமாக உள்ளே தள்ளி வைத்திருந்த முழுக் கை, அதுவும் வலது கை, ஒரு கீறல் இல்லை. பிள்ளைக் கை அளவு இல்லைதான், நல்ல ஆம்பிளைக் கை. சாமிக்கு அளவா முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை உருவி எடுத்தாள். முந்தானையால் துடைத்து, மஞ்சள் தடவி, அம்மன் காலடியில் வெட்டவெளியில் வைத்தாள்.

“இது எம்புள்ள இருளப்பசாமி கை தாயே. இதை அவனுக்குக் குடுத்துரு. இந்தக் கையை அவனுக்கே குடுத்துரு.”

தொண்டை வற்றும்வரை இதையே சொன்னாள். காலையில் விரல்கள் வெதுவெதுவென்று இருந்தன. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “உங்க சாமி கெட்டிக்காரச் சாமிதான்,” என்று சிரித்தார். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டாள்.

கட்டுப் பிரித்த அன்றைக்குப் பிள்ளையின் கையை மடியில் வைத்துப் பார்த்தாள். தையல் போட்ட இடம் தெரியவே இல்லை. மணிக்கட்டு வரைக்கும் பிள்ளையின் மாநிறம், அதற்குக் கீழே செம்மண் நிறம். விரல் முட்டுகள் தடித்திருந்தன. கட்டைவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்கச் செம்புழுதிதான் வந்தது. “அடிபட்ட தோலு, மாறிப்போகும்,” என்றார் சுயம்புலிங்கம். அவள் சரி சரி என்று தலையை ஆட்டினாள். வேண்டிக் கேட்டு வாங்கியதைக் குறை சொல்ல வாய் வருமா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அடைமழை நாளில் ஒரு காலை, பிள்ளை கோழிக்கூட்டுப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றான். அவன் வளர்த்த செவலைக் கோழி தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. கழுத்தை அறுக்கவில்லை, பிய்த்திருந்தது. ரத்தம் அவன் முழங்கை வரை ஒழுகியது.

“நான் தடவத்தான்மா போனேன். இது நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குதும்மா.”

அவள் கையைக் கழுவிவிட்டாள். கழுவும்போது அந்தக் கை அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

கோழி செத்த விஷயம் சுயம்புலிங்கத்துக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. “வளத்த கோழியக் கொல்லுதியாலே?” என்று கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது. பிள்ளையின் வலது கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவர் இழுத்தார், வரவில்லை. பிள்ளை “விடு, விடு” என்று அலறினான். அப்பாவைப் பார்த்து அல்ல. தன் கையைப் பார்த்து. இடது கையை மடக்கி அந்தக் கையைக் குத்தினான், குனிந்து கடித்தான். அது நிதானமாக முறுக்கியது. துணியைப் பிழிகிறமாதிரி. அவர் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் விட்டது.

விடிந்ததும் அவர் மகாராஜபுரத்துக் கட்டு வைத்தியரிடம் போனார். போகும்போது பிள்ளை பக்கம் திரும்பவே இல்லை. பரிபூரணம் தறியிலிருந்த பேண்டேஜ் துணியை அறுத்து, பிள்ளையின் வலது கையை இடுப்போடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். “இறுக்கிக் கட்டும்மா,” என்றான் அவன்.

அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஓடைக்கரை அம்மனிடம் போனாள். வேம்படியில் ஒரு பெண், பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர் வெள்ளத்தாய் என்று பிறகு சொன்னாள். கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அமுங்கிப்போன தொண்டையிலிருந்து காற்றும் குரலுமாகப் பேச்சு வந்தது.

“இதுக்குள்ள இருந்த கையை எடுத்தது யாரு?”

“நான்தான் யக்கா. எம்புள்ளைக்குக் கை போகப் போகுதுன்னாக. அவசரத்துல…”

“அடிப் பாவி மகளே! எல்லாரும் கை வேணும்னு வைப்பாக. நான் வேண்டாம்னு வச்சவ. அது எம்புருசன் கைடி. நான் பெத்த மகளைக் கழுத்தை நெரிச்சுக் கொன்ன கை. என்னையும் நெரிச்சான். செத்துட்டேன்னு நெனச்சு விட்டதால இருக்கேன். இதை நீயே வச்சுக்கோ, யாருக்கும் குடுத்துராதன்னு இவகிட்ட ஒப்படைச்சேன். அன்னைக்கே அவனுக்குக் கை வெளங்காம விழுந்துபோச்சு. பொறவு அவனும் செத்தான். ஆனா மழையில அது கரைஞ்சுரக் கூடாதேன்னு வருசா வருசம் மழை பிடிச்சதும் வந்து பாத்துட்டுப் போறேன்.”

பேசிக்கொண்டே வந்தவள் பிள்ளையைப் பார்த்தாள். அவன் இடுப்பில் துணி அசைந்தது. உள்ளே ஏதோ விறைத்துக்கொண்டு, அவள் குரல் வந்த பக்கமாகத் திரும்ப முயன்றது. துணியின் ஓரத்தில் கட்டைவிரல் முண்டி முண்டி வெளியே வந்தது. பிளந்த நகம். வெள்ளத்தாய் தன் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பின்னால் போய் மரத்தில் முட்டினாள்.

“திருப்பி வச்சிருதேன் யக்கா!”

“எதை வைப்ப? அங்க பாரு.”

அம்மன் காலடியில் மண் கை இல்லை. மழை கரைத்துவிட்டிருந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் சேறு, அவ்வளவுதான்.

“நீ கேட்டு வாங்குன. நீதான் குடுக்கணும். எம்புள்ள கையை எடுத்துக்கோன்னு உன் வாயால அவகிட்டச் சொல்லு. வேற வழி எனக்குத் தெரியல.”

பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். “என் கையை எடுத்துருவாகளாம்மா?”

“இல்லய்யா. யாரு எடுப்பா? அம்மா இருக்கம்லா?” என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு அங்கே நின்று வேண்ட நாக்கு எழவில்லை. மன்னிச்சுக்கோ யக்கா என்று முனகிவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வீடு வந்ததும் இருளப்பசாமி பாயில் விழுந்து தூங்கிப்போனான். சுயம்புலிங்கம் வைத்தியரிடமிருந்து இன்னும் திரும்பவில்லை. தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று கரண்ட் போய், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றன. அப்படியொரு அமைதியை அந்தத் தெருவில் அவள் கேட்டதே இல்லை. அம்மன் படத்துக்கு முன்னால், பிள்ளைக்கு முதுகு காட்டி முட்டிபோட்டாள். வாய் திறக்கிறது, மூடுகிறது. பெற்ற பிள்ளையின் கையை எடு என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? அழுதாள். மூக்கைச் சிந்தினாள். அந்தக் கை இன்னும் என்னென்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தாள். கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டாள்.

“எடுத்துக்கோ தாயே. எம்புள்ள போதும். கையை நீயே எடுத்துக்கோ.”

பின்னால் துணி கிழிந்தது.

நிதானமாக. ஒரு சுற்று. அப்புறம் இன்னொரு சுற்று.

பாயில் ஏதோ இழுபடும் சத்தம். தரையை ஒருதரம் தட்டியது. நகர்ந்தது. மறுபடி தட்டியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் வேண்டுதல் அறுந்துபோகும் என்று நினைத்தாள். எடுத்துக்கோ. எடுத்துக்கோ. எடுத்துக்கோ.

கும்பிட்ட கைகளின் மேல் ஈரமாக ஒன்று படிந்தது.

கண்ணைத் திறந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து அந்தக் கை பிடித்திருந்தது. அதன் பின்னால் பிள்ளை தரையில் இழுபட்டுக் கிடந்தான். கண் மூடியிருந்தது. வாயோரம் எச்சில். சீராக மூச்சு.

அது இறுக்கியது.

கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் இடித்துக்கொண்டு கிளம்பின. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. ஒன்றுக்குள் ஒன்று புதைந்தன. எது வலது, எது இடது என்று தெரியாமல் போனது. கும்பிட்டபடியே. அது விட்டபிறகும் பிரிக்க முடியவில்லை.

மல்லாந்து விழுந்தாள். அந்தக் கை அவள் சேலையைப் பிடித்தது. ஏறியது. இடுப்பு. வயிறு. பின்னாலேயே பிள்ளையும் ஏறினான். பால்குடித்த வயதில் ஏறிப் படுப்பானே, அதே மாதிரி அவள் நெஞ்சில் படுத்தான். அதே கனம். அவன் தலைமுடியில் எண்ணெய் வாடை.

கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு உதை உதைத்தால் போதும். பக்கத்தில் அம்மிக்கல். பிள்ளையின் தலை நேரே அதில்தான் போய் அடிக்கும்.

காலை மடக்கிக்கொண்டாள்.

கட்டைவிரல் அவள் கழுத்தில் இடம் தேடியது. கண்டுபிடித்தது. இருளப்பசாமி தூக்கத்தில் “அம்மா” என்று முனகி, இடது கையால் அவள் கன்னத்தைத் தடவினான். வலது கை இறுக்கிக்கொண்டே இருந்தது.