திருப்பிப் படுக்கவைத்த கை

காலையில் நர்ஸ் ஸ்வப்னா வலப்பக்கமாகப் படுக்கவைத்துவிட்டுப் போன ஜெயகிருஷ்ணன், மாலை மூன்றரைக்கு இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மாதங்கி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருடத்தில் அவரால் தானாக ஒரு அங்குலம் நகர முடிந்ததில்லை. கணவரைத் திருப்ப அவளாலும் முடியாது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. இன்றும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு பதினொரு மணியிலிருந்து ஹால் சோபாவில் தூங்கியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே டெல்லி மயூர் விஹாரின் ஜனவரிப் பனி எதிர் பிளாக்கையே விழுங்கியிருக்க, அறைக்குள் டெட்டால் நெடியும் புதிதாகப் பூசிய பவுடர் வாசனையும் வெந்நீரின் ஈரமும் கலந்து, யாரோ இப்போதுதான் வேலையை முடித்து எழுந்து போனதுபோல் ஒரு கதகதப்பு நின்றது. நாற்காலியில் ஒரு துண்டு. ஒரு சொட்டு நீரில்லாமல் முறுக்கிப் பிழிந்திருந்தது.

ஸ்வப்னாவிடம் மாற்றுச் சாவி உண்டு. மாதங்கி அவளுக்குப் போன் செய்தாள்.

"நான் பத்து மணிக்கே கிளம்பிட்டேனே, ஆன்ட்டி," என்றாள் அவள் ஹிந்தியில். "இப்போ நொய்டால இன்னொரு பேஷண்ட் வீட்டுல இருக்கேன்."

பொய்யோ? மாதங்கி வாசற்கதவைப் போய்ப் பார்த்தாள். தூங்குமுன் உள்ளே மாட்டிய சங்கிலி மாட்டியபடியே இருந்தது.

திரும்பி வந்து கணவரின் முகத்தருகே குனிந்தாள். "ஏன்னா, யார் வந்தா?"

ஒரு பக்கம் இழுத்த வாயால் அவர் மெல்லச் சொன்னார். "நீதான்."

"நான் தூங்கிண்டிருந்தேனே."

"கை வலிக்கலையான்னு கேட்டேன். சரியாப் போயிடுத்துன்னியே." அவர் சிரித்தார். பல மாதமாக அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

அவருக்குப் புத்தி பிசகுகிறதா? அல்லது மாத்திரை மயக்கத்தில் அவளே எழுந்து வந்தாளா? துண்டை எடுத்து முறுக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் தெறித்த வலியில் கண் கலங்கியது. துண்டு கீழே விழுந்தது. இது இந்தக் கைகள் செய்த வேலை இல்லை.

கஞ்சி வைக்கச் சமையலறைக்குப் போனாள். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, காதை மட்டும் அந்த அறைப்பக்கம் வைத்திருந்தாள்.

கட்டில் கிறீச்சிட்டது. அவரை நிமிர்த்தி உட்காரவைக்கும்போது வரும் சத்தம்.

பிறகு வளையல் சத்தம். கை வீங்கியதிலிருந்து அவள் வளையல் போடுவதில்லை.

அடுப்பை அணைத்தாள். சுவரைத் தடவியபடி நடந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி.

கதவு பாதி திறந்திருந்தது.

ஜெயகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. மாதங்கியின் புடவை. மாதங்கியின் கொண்டை. அவர் முதுகில் விரிந்திருந்த ஐந்து விரல்களும் நேராக இருந்தன.

அவர் வாசலைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"மாதங்கி," என்றார், அந்தத் தோளிடம். "வாசல்ல யாரோ நிக்கறா."

"பாக்காதீங்கோ," என்றது மாதங்கியின் குரல். "போயிடுவா."

மாதங்கி கோணிய விரல்களால் கதவைப் பிடித்துக்கொண்டாள். அது உள்ளே அவரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவருடைய ஒரே நல்ல கை மெல்ல உயர்ந்து, அந்த நேரான விரல்களைத் தேடிப் பிடித்து, இறுக்கிக்கொண்டது.