சாட்சிகள் வரட்டும்

அங்கோட் சிற்றுந்தை விட்டு இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. பொகோர் நகரத்து மழை ஆயிற்றே... தூறிப் பார்த்து, யோசித்து, பிறகு பெய்கிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது.

ரெங்கானிஸ் குடையை விரித்துக்கொண்டு சமூகக் கூடத்தை நோக்கி ஓடினாள். மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அங்கே அன்று பயிற்சி வகுப்பு.

வாசலில் ஒரு பெரியவர். கறுப்புத் தொப்பி, மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை... நனைந்தபடியே சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் தலைக்கு மேல் குடையை நீட்டினாள். அதே நொடி, உள்ளேயிருந்து பாய்ந்து வந்த இன்னொரு கையும் அந்தக் குடைக்காம்பைப் பற்றியது.

நிமிர்ந்தாள்.

மூச்சு வாங்க நின்றான் ஓர் இளைஞன். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழுவதா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் பயமும் நன்றியும் கலந்து கிடந்தன... ஒரு கணம் அவளுக்குக் குடை மறந்தே போனது.

"மன்னிச்சுக்கங்க தெத்தே. செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள அப்பா கிளம்பிட்டார்."

"தெத்தேயா? மழையில நனைஞ்சா அக்கா மாதிரி ஆயிடுவேனோ?"

அவன் காது மடல் சிவந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு குடை, இரண்டு கை. தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "மாப்பிள்ளை, இப்படி வந்து நில்லு. உன் பேர் என்னம்மா? உங்க அப்பாவைக் கூப்பிடு... நிக்காஹ்வை ஆரம்பிச்சுடலாம்."

அந்தப் பெரியவர், ஹாஜி சொபாரி, ஒரு காலத்தில் அந்த ஊரில் நிக்காஹ் நடத்திவைத்த காஜியார். அது அவளுக்கு அப்போது தெரியாது.

"அப்பா, இங்க கல்யாணமெல்லாம் இல்ல. நீங்க அந்த வேலையை விட்டே வருஷக்கணக்காச்சு. இவங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது," என்றான் மகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெரியவரின் முகம் வாடிப்போனது.

ரெங்கானிஸ் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "ஹாஜியாரே, சாட்சிகள் இன்னும் வரலையே. மழையில மாட்டிக்கிட்டாங்க போல. அவங்க வர்ற வரைக்கும் உள்ள உக்காந்து சூடா ஏதாவது குடிக்கலாமா?"

"அதுதானே... சாட்சி இல்லாம செல்லாதும்மா." அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் உள்ளே நடந்தார்.

பின்னால் வந்தவன் கேட்டான். "இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க அம்மாகிட்ட. நீங்க?"

"கத்துக்கத்தான் வந்திருக்கேன். பேரு வில்டான். தாவரத் தோட்டத்துல ஆர்க்கிட் செடிகளைப் பார்த்துக்கறேன். அதுங்க கோவிச்சுக்காது... பிழைச்சேன்."

கூட்டம் தொடங்கியது. வகுப்பை நடத்தும் டாக்டர் எலிஸ், சிறப்புப் பேச்சாளர் என்று ரெங்கானிஸை அழைத்தபோது வில்டான் வாயைப் பிளந்தான். உப்பிலிட்ட பழங்கள் விற்கும் கடை நடத்துகிறவள், மறதி நோய் வந்த அம்மாவை ஆறு வருடம் கடைசி வரை பார்த்துக்கொண்டவள்... நன்றாகப் பேசினாள். அவன் முகம் மலர மலர அவளுக்கு உற்சாகம் கூடியது.

அந்த உற்சாகம்தான் கெடுத்தது. வாசலில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். தொண்டையைச் செருமி, நிமிர்ந்து, "மாப்பிள்ளை, இப்படி வந்து நில்லு" என்று பெரியவரின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். கூடம் அதிரச் சிரித்தது.

கடைசி வரிசையில் ஹாஜி சொபாரியும் சிரித்தார். யாரைப் பற்றிய கதை என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பி, மழையிலேயே கூட்டிப்போனான்.

அந்த வாரம் முழுக்க அவள் கடையில் உப்பு கூடிக் கூடிப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆர்க்கிட் மண்டபத்துக்குப் போய் நின்றாள். அப்பாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, தொட்டிகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தான் அவன்.

"தப்புப் பண்ணிட்டேன். எங்க அம்மா கதையைச் சொல்லிச் சொல்லி, எல்லார் கதையும் என்னோடதுதான்னு நெனச்சுட்டேன். உங்ககிட்டக் கேட்டிருக்கணும்."

அவன் திரும்பாமலே பேசினான். "அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு நிக்காஹ் பண்ணி வெச்சவர் எங்கப்பா. அவங்களே சிரிச்சாங்க..."

அவள் தலை குனிந்தாள். நீர் தெளிக்கும் சத்தம் நின்றது.

"பாதிக் கோவம்தான் அது," என்றான், குரல் இறங்கி. "மீதி... என்னால ரெண்டு வருஷமா முடியாததை, நீங்க ஒரே வார்த்தையில செஞ்சுட்டீங்க. அதைத் தாங்க முடியல."

"எங்க அம்மாவை அழ வெச்சுட்டு நானும் அழுத நாள்லாம் எனக்கும் உண்டு கங். அதை மேடையில சொல்றதில்ல... அவ்வளவுதான்."

அண்ணன் முறை வைத்து மரியாதையாக அழைக்கும் அந்தக் 'கங்' காதில் விழுந்ததும்தான் அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது பயம் இல்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் தாமாக வந்தன. அவள் அன்னாசியும் கொய்யாவும் கொண்டுவருவாள். எதிர்த்துப் பேசாமல் அப்பா சொல்வதோடு ஒத்துப்போகும் வழியை அவன் கற்றுக்கொண்டான். ஹாஜி சொபாரி கல்யாணப் பேச்சையே மெல்ல மெல்ல விட்டுவிட்டார். பழம் தின்பதில்தான் இப்போது அவருக்குக் கவனம். அதைப் பார்த்து இருவருக்கும் ஒரேபோல் வலித்தது.

அடுத்த வகுப்புக்கு இருவரும் சேர்ந்து பேச வேண்டுமென்று டாக்டர் எலிஸ் கேட்டார். பேசினார்கள். அவன் தன் கோபத்தைப் பற்றிச் சொன்னான். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடிந்து வெளியே வந்தால்... மழை. பெரியவர் கூரைக்கடியில் உட்கார்ந்து கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ரெங்கானிஸ்..." என்றான். நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். "ஒண்ணு கேக்கணும். ஆனா கேக்க வாய் வரல."

"பரவால்ல, மழை விடற மாதிரி இல்ல. நிதானமா கேளுங்க."

"விளையாட்டு இல்ல. அப்பா ஒருநாள் என்னையே மறந்துடுவார். நீங்க இதையெல்லாம் ஒரு தடவை கடந்து வந்தவங்க. திரும்பவும் அதே மாதிரி ஒரு வீட்டுக்குள்ள வாங்கன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

அவள் குரல் தெளிவாக வந்தது.

"ஆறு வருஷம் பார்த்தேன் கங். அம்மாவைக் குளிப்பாட்டினது கஷ்டமில்ல, ராவெல்லாம் முழிச்சதும் கஷ்டமில்ல. அம்மா ஏதாவது வேடிக்கையாச் சொன்னா, திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் பக்கத்துல ஆள் இல்ல பாருங்க... அதுதான் கஷ்டம். இந்த ஞாயித்துக்கிழமைங்க வந்த பிறகு, எனக்கு அந்த ஆள் கிடைச்சுட்டார்."

அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான், பிறகு அவளை.

"நீங்க கேக்க மாட்டீங்க. அதனால நானே கேக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... உங்களையும், அப்பாவையும். உங்களுக்குச் சம்மதமா?"

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"ஆட்டினாப் போதாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

"சம்மதம்," என்றான், கண் நிறைந்து. "நீ அன்னைக்கு வாசல்ல, 'மழையில நனைஞ்சா அக்கா மாதிரி ஆயிடுவேனோ'ன்னு கேட்டியே... அப்பவே சம்மதம்."